மாசிலாமணியைக் கூப்பிட்டவள்

வடமுனையில் பிறந்த பிள்ளைக்கு வைத்த பெயர் தென்முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பிள்ளைக்குப் பல் முளைத்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள், அவ்வளவு அகலம் எங்கள் குடா. நிலம் கடலை மடியில் வைத்திருக்கிறதா, கடல் நிலத்தை மடியில் வைத்திருக்கிறதா என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்லத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது, ஆனால் அந்த மடியில் நாங்களும் இருந்தோம், எங்கள் வள்ளங்களும் இருந்தன, எங்கள் மூன்று வேளைச் சோறும் இருந்தது. குடாவின் பெயர் மாசிலாமணி. யார் அந்த மாசிலாமணி என்று கேட்டால், முத்துக்குளிக்கப் போய்த் திரும்பாத ஒருவன் என்பார்கள் வடமுனைக்காரர்கள். கப்பல் உடைந்து கரையேறிய வியாபாரி என்பார்கள் தென்முனைக்காரர்கள். நடுவில் குடியிருக்கும் நாங்கள், இரண்டு பேரும் புளுகுகிறார்கள் என்பதை மட்டும் சொல்வோம்.

ஊருக்கும் அதே பெயர்தான். பஸ்ஸின் நெற்றியில் மாசிலாமணி, முடி வெட்டும் கடையில் மாசிலாமணி, கிரிக்கெட் டீமின் பனியன் முதுகில் மாசிலாமணி. மீன் நிறைய விழுந்தால் அது எங்கள் கைராசி, விழாவிட்டால் ‘மாசிலாமணிப் பய ஏமாத்திட்டாம்ல’ என்போம். பிள்ளை அடம்பிடித்தால் ‘மாசிலாமணி வாயில போ’ என்று தாய்மார் வைவார்கள், சீட்டாட்டத்தில் பொய் சொல்கிறவன் ‘மாசிலாமணி மேல சத்தியம்’ என்பான், வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டவனும் அதையேதான் சொல்வான். கோயிலில் சாமி பெயரைக் கூட நாங்கள் அவ்வளவு தடவை சொன்னதில்லை. சாமி பெயரை வைவதற்குப் பயன்படுத்தினால் பங்குச்சாமியார் கோபித்துக்கொள்வார், கடல் பெயருக்கு அப்படிக் கோபித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஆனால் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தப் பெயரை வைக்க மாட்டோம். கடலுக்கும் ஆளுக்கும் ஒரே பெயர் இருந்தால், கூப்பிடும்போது இரண்டும் சேர்ந்து வந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. இந்தப் பேச்சை மீறி அந்தப் பெயர் வைக்கப்பட்டவன் எங்கள் ஊரில் ஒரே ஒருவன். அவன் தாயாருக்கு வலி எடுத்தபோது, உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு போகிற ரோட்டை நம்பாமல் வள்ளத்தில் ஏற்றித் தென்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பாதி வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. கச்சான் காற்று சுழற்றி அடிக்கிற மாதம், ஆனால் அவள் முக்கி முனகிய நேரம் முழுக்கக் குடா பாய் விரித்த மாதிரி ஆடாமல் கிடந்ததாம். அந்த நன்றிக்கு அவள், யார் தடுத்தும் கேட்காமல், பிள்ளைக்கு மாசிலாமணி என்றே பெயர் வைத்தாள்.

அவனுடைய மனைவி ஞானப்பூ. தாய்மாமன் மகள். அவள் தொட்டிலில் கிடந்தபோதே இவள் அவனுக்குத்தான் என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். பேச்சு வந்த வயதிலேயே, ‘கட்டிக்கப் போறவன் பேரச் சொல்லக் கூடாது, சொன்னா அவன் ஆயுசு கொறையும்’ என்று அவளுடைய அம்மா வாயில் சுண்டிச் சுண்டிச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. ஆனால் அவர்களெல்லாம் புருஷன் பெயரை மட்டும்தான் விட்டார்கள்; ஞானப்பூ ஊரையும் கடலையும் சேர்த்து விட வேண்டியிருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் கேட்டால் ‘கடைசி ஸ்டாப்பு’ என்பாள். பள்ளிக்கூடத்தில் ‘நமது ஊரின் பெயர் என்ன?’ என்ற கேள்விக்குப் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள், தெரியாமல் இல்லை. மணி என்ற சொல்லைக்கூட நாக்கில் ஏற்றியதில்லை. நேரம் கேட்டால் விரலைக் காட்டுவாள். கடலைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் ‘பெரியவுக’ என்பாள். ‘பெரியவுக இன்னைக்கு அமைதியா இருக்காக’ என்பாள், ஏதோ வீட்டு வாசலில் மாமனார் உட்கார்ந்திருப்பதைப் போல. நாங்கள் சிரிப்போம். இத்தனை கேலியையும் வாங்கிக்கொண்டு, மகள் அமலியைப் பெற்று வளர்த்துப் பக்கத்து ஊரில் கட்டியும் கொடுத்துவிட்டாள், அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து ஒரு தடவையும் வந்ததில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடலுக்குப் போவதில்லை. முந்தின நாள் போன வள்ளங்கள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன, மாசிலாமணியின் வள்ளத்தைத் தவிர. அதில் அவனும் அவன் தங்கச்சி சலேத்தின் புருஷன் வியாகப்பனும் இருந்தார்கள். எஞ்சின் மக்கர் பண்ணுகிறது, மெல்ல வருகிறோம், பூசைக்கு வந்துவிடுவோம் என்று போனில் சொல்லியிருந்தார்கள். கோயிலில் பங்குச்சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது திடீரென்று அவர் குரல் கோயில் முழுக்கக் கணீரென்று கேட்டது, அவரே பயந்து நிறுத்திவிட்டார். அவர் கத்தவில்லை. அலைச்சத்தம் நின்றுபோயிருந்தது.

வெளியே வந்து பார்த்தோம். மாசிலாமணியைக் காணவில்லை. வடமுனை இருந்தது, தென்முனை இருந்தது, நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணல் இருந்தது, அதில் எங்கள் வள்ளங்கள் ஒருக்களித்துப் படுத்திருந்தன. கடல் உள்வாங்கினால் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது என்று சுனாமி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்ததால், பிள்ளை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருக்கும் புயல் காப்பகத்துக்கு ஓடினோம். அங்கேயே பொங்கித் தின்றோம், அங்கேயே படுத்தோம். அலை வரவில்லை. எந்தத் தண்ணீரும் வரவில்லை. ஒளிந்துகொள்ளப் போன பிள்ளை ஆட்டத்தையே மறந்துவிட்ட மாதிரி, போன கடல் போனதுதான். வெட்கத்தோடு இறங்கி வந்தோம்.

வெளிக்கடல் அப்படியே இருந்தது, அடுத்த ஊர்க் கடல்களும் அதனதன் இடத்தில் இருந்தன. எங்கள் குடாத் தண்ணீர் மட்டும் கிளம்பிப் போயிருந்தது. சலேத் தன் போனை எடுத்து, எல்லோரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்துப் புருஷனுக்கு அடித்தாள். வியாகப்பன் எடுத்தான்.

“எங்க இருக்கிய?”

“கடல்லதாம்டி.”

“கடலே இங்க இல்லியே!”

“அதான் இங்க இருக்கே.”

“கரைக்கு வாங்களேன்.”

“வாறோம், வாறோம்னுதான் வாறோம். தண்ணி முடியுற எடம் தெரியுது. கிட்டப் போனா அது அங்கிட்டுப் போகுது. நீ பயப்படாத, மீனு கையால அள்ளுற மாதிரி கெடக்கு. குடிக்கவும் தண்ணி இருக்கு.”

பிறகு போனை மாசிலாமணி வாங்கி, “அமலி அம்மா, சாப்பிட்டியா?” என்று கேட்டான். “ம்” என்றாள் ஞானப்பூ. சாப்பிடவில்லை.

எங்களில் பலசாலிகள் தண்ணீர்க் குடங்களைத் தூக்கிக்கொண்டு காலையில் மணலில் இறங்கி நடந்தார்கள். தூரத்தில் வெள்ளிக் கம்பி மாதிரி தண்ணீர் தெரிந்தது, எவ்வளவு நடந்தாலும் அதே தூரத்தில் தெரிந்தது. உதடு வெடித்துத் திரும்பி வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் நல்ல மனசோடு வெளிக்கடல் வழியாகத் தேடிப் போனார்கள், ஆனால் அவ்வளவு பெரிய தண்ணீரில் எது எங்கள் தண்ணீர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதிகாரிகள் வந்தார்கள், குனிந்து மணலைத் தொட்டுப் பார்த்தார்கள், தண்ணீர் இல்லை என்பதை எங்களிடம் உறுதியாகச் சொல்லிவிட்டு இளநீர் குடித்துப் போனார்கள்.

எதற்கும் பழகிவிடுகிற ஆட்கள் நாங்கள். இரண்டு பேரும் பத்திரமாக இருக்கிறார்கள், பேசுகிறார்கள் என்றதும் மனசு கொஞ்சம் இறங்கிவிட்டது. பையன்கள் கடலின் நடுவில் ஸ்டம்பு நட்டார்கள். உப்பளத்தைச் சுற்றி அரை நாள் போகிற வழியை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோக்கள் குடாவுக்குக் குறுக்கே தென்முனைக்கு ஓட ஆரம்பித்தன. வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்ட சம்பந்திகள் தினம் பார்த்துக்கொண்டார்கள், சண்டையும் தினம் நடந்தது. ஒருவர் மணல் நடுவில் டீக்கடை போட்டார். இன்னொருவர், கடல் இனி வராவிட்டால் என்று, தன் வீட்டுக்கு நேரே கொஞ்சம் இடத்துக்குக் கல் ஊன்றிப் பார்த்தார், மற்றவர்கள் வைததும் பிடுங்கிக்கொண்டார்.

அந்த மணலில்தான் எங்கள் சாமான்கள் எல்லாம் கிடந்தன. அறுந்து போன நங்கூரங்கள், பந்துகள், மாமியாரோடு சண்டை போட்டு வீசிய தூக்குவாளி, தேர்தலில் தோற்றவர் கோபத்தில் எறிந்த மைக், கல்யாண மோதிரம், ஒரு அந்தோனியார் சுரூபம். மூக்கு மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்த அந்தோனியாரை எங்கள் ஊர்த் தலைவர் இஞ்ஞாசியார் கையில் வைத்துக்கொண்டு அழுதேவிட்டார், அது அவருடைய அம்மா அவர்கள் வீட்டு வள்ளத்தில் வைத்திருந்தது. எடுத்துவிட்டான் எடுத்துவிட்டான் என்று எத்தனை வருஷம் மாசிலாமணியை வைதிருக்கிறோம். அவன் எதையும் எடுக்கவில்லை, வைத்திருந்தான்.

வாசனை மாறியது. காற்றில் ஈரம் போய், உடைமரப் புழுதி வந்தது. எல்லாவற்றையும் விடக் கொடுமை, தூக்கம் போனது. அலைச்சத்தம் இல்லாமல் தூங்கி எங்களுக்குப் பழக்கமில்லை. கைப்பிள்ளைகள் வீறிட்டு அழுதன, அவற்றைத் தூங்க வைக்கத் தாய்மார் சுளகில் அரிசியைப் போட்டு முன்னும் பின்னும் சாய்த்துச் சாய்த்து அலைச்சத்தம் போட்டார்கள். பிள்ளைகள் தூங்கின, பக்கத்தில் படுத்திருந்த பெரியவர்களும் அந்தச் சத்தத்தில்தான் கொஞ்சம் கண்ணயர்ந்தார்கள். பிறகு அரிசியும் குறைந்தது, ஏனென்றால் அதை வாங்குவதற்கு மீன் இல்லை.

ஒரு மதியம் வியாகப்பனின் குரல் மாறியிருந்தது. “குடிதண்ணி முடிஞ்சிட்டு” என்றான். “மச்சான் தூங்கிக்கிட்டே இருக்கான். ஒடம்பு சுடுது. சார்ஜும் இல்ல, பொறவு…” அதோடு போன் நின்றுவிட்டது. எத்தனை தடவை அடித்தாலும் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்கிற அந்தப் பொம்பளைக் குரல்தான் வந்தது.

அன்றைக்குத்தான் ஊர் கூடியது. இஞ்ஞாசியார் எழுந்து, “பேரச் சொல்லிக் கூப்பிட்டா நாய்கூட வருது. இவன் வரமாட்டானா? கூப்பிட்டுப் பாப்போம்” என்றார். கோயில் மைக்கைத் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் நின்று, எல்லாரையும் விரட்டும் அதே தோரணையில், “ஏலே மாசிலாமணி! மரியாதையா வந்துரு!” என்றார்.

வந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தூரத்தில் அந்த வெள்ளிக் கம்பி தடித்தது, நெளிந்தது, ஓடி வந்தது, டீக்கடைக்குப் பக்கம்வரை வந்து, ஒரு நிமிஷம் நின்று, என்ன நினைத்ததோ, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

பெயருக்கு வேலை இருக்கிறது என்று தெரிந்ததும் அன்றைக்கும் மறுநாளும் ஆளாளுக்குக் கூப்பிட்டோம். வலைக்காரர்கள் கூப்பிட்டார்கள், அவர்களுக்கு அந்தப் பெயர் பாதி வசவாகத்தான் வந்தது. தாய்மார் கூப்பிட்டார்கள், பிள்ளைகளைப் பயமுறுத்தியே பழகிய குரலில். பள்ளிப் பிள்ளைகள் வருகைப் பதிவு வாசிக்கிற ராகத்தில் ஒன்றாகக் கூப்பிட்டதும் கணுக்கால் அளவுக்கு ஒரு அலை ‘உள்ளேன் ஐயா’ என்பது போல் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனது. பங்குச்சாமியார் மன்றாட்டு மாலை படித்து நடுநடுவே கூப்பிட்டார், அதற்கு நுரை மட்டும் வந்தது. ஒவ்வொரு தடவையும் வருகிற தூரம் குறைந்துகொண்டே போனது. இத்தனை வருஷம் பொய்ச் சத்தியத்துக்கும் ஏச்சுக்கும் இழுத்து இழுத்து அந்தப் பெயரை நாங்கள் தேய்த்துவிட்டோம், கால் ரூபாயில் தலை அழிந்து போகிற மாதிரி. கடைசியாக இஞ்ஞாசியார் மறுபடி கூப்பிட்டபோது ஒன்றுமே வரவில்லை. அவர் மைக்கை மணலில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் சலேத் எழுந்து ஞானப்பூ வீட்டுக்குப் போனாள்.

ஞானப்பூ அடுப்பு முன்னால் இருந்தாள். அந்த முதல் போனுக்குப் பிறகு அவள் வாசலைத் தாண்டவில்லை. தினமும் இரண்டு பேருக்குச் சோறு வடித்தாள், புருஷன் பங்கை மூடி வைத்தாள், சாயங்காலம் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். சலேத் வந்து உட்கார்ந்து மடியிலிருந்து ஒரு கறுத்த கொலுசை எடுத்துக் கீழே வைத்தாள்.

“மைனி, இது ஒன்னோடதான?”

ஞானப்பூ எடுத்துப் பார்த்தாள். கல்யாணமான புதுசில் புருஷன் அவளை வள்ளத்தில் ஏற்றிக் குடாவைச் சுற்றிக் காட்டியபோது கழன்று விழுந்தது. அவனும் விடாமல் முங்கி முங்கிப் பார்த்தான், கிடைக்கவில்லை. சேலைத் தலைப்பால் தேய்த்தாள். கறுப்புக்கு அடியில் வெள்ளி அப்படியே இருந்தது.

“பெரியவுக வச்சிருந்திருக்காக” என்றாள்.

“எல்லாத்தையும் வச்சுத்தான் இருந்துருக்கான். கேக்கத்தான் நமக்குத் தெரியல.” சலேத்தின் குரல் கட்டியிருந்தது. “மைனி, ஊரே கூப்பிட்டுப் பாத்தாச்சு. அந்தப் பேரு ஒன் வாயில மட்டுந்தான் படல. நீ ஒருவாட்டி கூப்பிடு.”

“என்னால முடியாது சலேத்து.”

“ஒரு பேருதான? சொன்னா என்ன கொறஞ்சிரும்?”

“ஆயுசு கொறஞ்சிரும்.”

“யாரு சொன்னா?”

“எங்கம்மா சொன்னா. ஒங்கம்மாவும்தான் சொன்னா. நீ சொல்லுவியா ஒம் புருசன் பேர?”

சலேத் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். “சொன்னேன் மைனி. நேத்து சாயந்தரம், தனியா மணல்ல இறங்கிப் போயி, வியாகப்பா வியாகப்பான்னு தொண்ட கட்டுற வரைக்கும் கூப்பிட்டேன். ஒண்ணும் வரல. கடலுக்கு அந்தப் பேரு இல்லியே.”

ஞானப்பூ அவளைப் பார்த்தாள். மைனியும் நாத்தனாருமாக இத்தனை வருஷம் இருந்தும் அவள் அழுது ஞானப்பூ பார்த்ததில்லை, இப்போதும் அழவில்லை, அழுது முடித்தவள் மாதிரி இருந்தாள். ஒரே வள்ளத்தில் இரண்டு புருஷன்மார். ஒருத்தி சொல்லக் கூடாததைச் சொல்லியும் வரவில்லை. இன்னொருத்தி சொன்னால் வரும், ஆனால் சொன்னால் குறையும்.

ஞானப்பூ கொலுசை ஒரு காலில் மாட்டினாள். சோற்றுப் பானையைப் பார்த்தாள். எழுந்தாள்.

“கொறையிறது கொறையட்டும்” என்றாள். “மிச்சம் இருக்கிறது கரையில இருக்கட்டும்.”

அவள் மணலில் இறங்கி நடந்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே கிரிக்கெட் நின்றது, ஆட்டோக்கள் நின்றன, டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் தள்ளி நின்றோம். ஒற்றைக் கொலுசின் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு இடத்தில் அவள் நின்று, தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, வாயைத் திறந்தாள். ‘மா’ என்று வந்தது, அதோடு நின்றது. சின்ன வயதில் அம்மா சுண்டியது இன்னும் உதட்டில் இருந்திருக்க வேண்டும். மறுபடியும் ‘மா’. இஞ்ஞாசியார் அந்தோனியாரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

பிறகு அவள் சொன்னாள். கத்தவில்லை, மன்றாடவில்லை. முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் ஆளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்தான்.

“மாசிலாமணி… சோறு ஆறுது. வாங்க.”

எங்கள் வாயில் புரண்டு கிடந்த அதே பெயர்தான். ஆனால் அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகக் கேட்பது போல் எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு நல்ல பெயரையா இத்தனை காலம் இப்படிப் போட்டு மிதித்தோம் என்று இருந்தது.

முதலில் சத்தம் வந்தது. சுளகில் அரிசி சாய்கிற சத்தம், பிறகு ஊரிலுள்ள எல்லாச் சுளகிலும் எல்லா அரிசியும் சாய்கிற சத்தம். அதற்குப் பின்னால் தண்ணீர் வந்தது. அது பாய்ந்து வரவில்லை, ஆட்களுக்கு வழிவிட்டு, ஸ்டம்புகளைப் பிடுங்காமல் மூழ்கடித்து, டீக்கடை பெஞ்சைப் பதமாகத் தூக்கி மிதக்கவிட்டு, ஒருக்களித்துப் படுத்திருந்த வள்ளங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, மேய்ந்து திரும்புகிற மாடு மாதிரி தன் இடம் தெரிந்து வந்தது. நாங்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தோம். ஓடவில்லை. ஓட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஞானப்பூ திரும்பி நடந்து கரையேறி நின்றாள், தண்ணீர் அவள் காலடி வரைக்கும் வந்து கொலுசை நனைத்து நின்றது. தண்ணீருக்கு நடுவில், யாரும் ஓட்டாமல், மாசிலாமணியின் வள்ளம் வந்துகொண்டிருந்தது.

இரண்டு பேரையும் கைத்தாங்கலாக இறக்கினோம். உதடெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். வியாகப்பன் முதல் மிடறு இறங்கியதும் சலேத்தைத் தேடி, “நேத்து யாரோ எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாவ” என்றான். “ஒரு பொம்பளக் குரலு. அதக் கேட்டுத்தான் கண்ண மூடாம கெடந்தேன். யாருன்னுதான் தெரியல.” சலேத் அவன் கையைப் பிடித்துக் கட்டிப்போன தன் தொண்டையில் வைத்துக் காட்டினாள்.

அன்று சாயங்காலம் எங்கள் ஊரில் அழாத ஆள் இல்லை. பங்குச்சாமியார் நன்றிப் பூசை வைக்கலாம் என்றார், வைத்தோம், ஆனால் கோயிலில் இல்லை, தண்ணீருக்குப் பக்கத்தில். இஞ்ஞாசியார் அந்தோனியாரை அம்மா வைத்த மாதிரி மறுபடி வீட்டு வள்ளத்திலேயே வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் அந்தப் பெயரை வைத்து ஏசுவதில்லை, பொய்ச் சத்தியம் செய்வதில்லை. வேலியைத் தள்ளிப் போடுகிறவன் சும்மாதான் தள்ளிப் போடுகிறான். வலையில் ஒன்றும் விழாத நாளில்கூட, ‘இருக்கட்டும், நேத்து குடுத்தியள்லா’ என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வள்ளத்தைக் கரையேற்றுகிறோம். சொல்லிச் சொல்லி இப்போது அது நிஜமாகவே வருகிறது. கடல் இருப்பது ஒரு பெரிய விஷயம் என்பதைக் கடல் இல்லாமல் பார்த்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாசிலாமணியின் ஆயுசு குறைந்ததா என்று கேட்பீர்கள். பேரன் பேத்தி எடுத்து, பல்லெல்லாம் போய், இப்போதும் கரையில் டீக்கடையில் உட்கார்ந்து எல்லாரோடும் வழக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். குறைந்ததே இவ்வளவு என்றால், குறையாமல் இருந்திருந்தால் எங்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஆனால் அவர் அடிக்கடி சொல்வது கரை திரும்பிய அந்த முதல் சாயங்காலத்தைப் பற்றித்தான். ஊர் கலைந்து போனபின் வீட்டுக்குள் அவரைச் சாய்த்து உட்கார வைத்து, ஞானப்பூ தட்டில் குழைந்த சோற்றைப் போட்டு மோர் ஊற்றினாள். அவர் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லைப் படிக்கட்டு வரைக்கும் தண்ணீர் ஏறி வந்து, வழக்கத்துக்கு மாறாக, சத்தமே இல்லாமல் நின்றிருந்தது.

“எம் பேரு இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாது” என்றார். “இன்னொருவாட்டி சொல்லேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டு, தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“எதுக்கு? அதான் வந்துட்டியள்லா.”

கொல்லையில் நின்ற தண்ணீரும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தது. இனிச் சொல்ல மாட்டாள் என்று தெரிந்ததும், படி படியாக இறங்கித் தன் இடத்துக்குப் போய், சத்தம் போட ஆரம்பித்தது. நாங்கள் எல்லோரும் தூங்கினோம்.